பி.எச்டி.க்கு ஃபீஸ் எவ்வளவு?

"மேடம், என் மக அரசு கலைக் கல்லூரியில எம்.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருஷம் படிக்கிறா. அடுத்து பி.எச்டி.தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. எனக்கு விருதுநகர் பக்கம் சின்ன மளிகைக் கடை. இன்னும் அஞ்சு வருஷம் ஃபீஸ் கட்ட என்னால ஆகாது. இருக்கிறது ஒரே வீடு. பத்திரத்த பேங்க்ல வெச்சா எவ்வளவு கிடைக்கும்னு விசாரிச்சுட்டு இருக்கேன். நீங்க அவளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்."

போன வாரம் வந்த கடிதம் இது. எடுத்துச் சொல்ல வேண்டியது மகளுக்கு இல்லை, அப்பாவுக்கு.

ஐயா, முதலில் அந்தப் பத்திரத்தை பீரோவில் திரும்ப வைத்துப் பூட்டுங்கள். பி.எஸ்சி., எம்.எஸ்சி. வரைக்கும் நாம் காசு கட்டிப் படிக்க வைக்கிறோம். ஆராய்ச்சிப் படிப்பு என்று வந்துவிட்டால் கணக்கு தலைகீழ். முறையான இடத்தில் சேர்ந்தால் மாதா மாதம் உங்கள் மகள் கணக்கில் பணம் வரும். அவள் படிக்கப் போகிறாள் என்பதைவிட, வேலைக்குப் போகிறாள் என்று நினைத்துக் கொள்வதுதான் சரி.

"முறையான இடத்தில்" என்று ஒரு வார்த்தை போட்டேன் அல்லவா? விஷயமே அதில்தான் இருக்கிறது.

நம் ஊரில் 'நெட்' தேர்வு எல்லோருக்கும் தெரியும். அறிவியல் பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட், மற்ற பாடங்களுக்கு யு.ஜி.சி. நெட். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும். "எங்க பொண்ணு நெட் பாஸ் பண்ணிட்டா" என்று ஸ்வீட் கொடுப்பார்கள். எந்தப் பிரிவில் பாஸ் என்று நான் கேட்பேன். முழிப்பார்கள். இப்போது முடிவு மூன்று தட்டுகளாக வருகிறது. மேல் தட்டில் இருப்பவர்களுக்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஃபெலோஷிப் உண்டு. நடுத் தட்டுக்கு உதவிப் பேராசிரியர் ஆகும் தகுதியும் பி.எச்டி. சேரும் தகுதியும் உண்டு, பணம் கிடையாது. கடைசித் தட்டுக்கு பி.எச்டி. சேரும் தகுதி மட்டும். மூன்றையும் நாம் 'நெட் பாஸ்' என்ற ஒரே பெயரில் கூப்பிடுகிறோம்.

ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து மதிப்பீடு செய்து சீனியர் ஃபெலோ ஆக்கினால் 42,000. விடுதி இல்லாவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் ஐந்து வருஷம். வயது வரம்பு உண்டு. பெண்களுக்கு ஐந்து வருஷத் தளர்வும் உண்டு. இது நிறையப் பேருக்குத் தெரியாமல், "வயசாகிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு எழுதி வாங்கிய மாணவிகள் எனக்கு உண்டு.

நெட் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. இயற்பியலுக்கு 'ஜெஸ்ட்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. சென்னை தரமணியில் 1962 முதல் இயங்கும் கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்கள் அதன் மதிப்பெண்ணை வைத்து நேர்காணலுக்கு அழைக்கும். ஐ.ஐ.டி.களுக்கு 'கேட்' மதிப்பெண்ணும் போதும். ஒரு முறை எழுதினால் மூன்று வருஷம் செல்லும். இந்த இடங்களில் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே ஜே.ஆர்.எஃப். அளவுத் தொகை. பி.எஸ்சி. முடித்த கையோடு 'ஜாம்' எழுதி, பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் ஒருங்கிணைந்த பி.எச்டி.யில் சேரலாம். பக்கத்து வீட்டு பி.எஸ்சி. பையனுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

இதில் எதுவும் இல்லாமல், "இங்கேயே கைடு இருக்கார், பதிவு பண்ணிடலாம்" என்று பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்தால்தான் அப்பா பயப்படுவது உண்மையாகும். வருஷா வருஷம் ஃபீஸ், ரசாயனச் செலவு, ஆய்வுக் கட்டுரைச் செலவு எல்லாம் வீட்டுக் காசு. அப்படிச் சேர்ந்து அருமையாக ஆராய்ச்சி செய்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அரசுக் கல்லூரி, மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகை என்று தமிழ்நாடு அரசே தனித் தேர்வு வைத்துக் கொடுக்கிறது, அதையும் பாருங்கள். ஆனால் உதவித்தொகை கையில் இல்லாமல், அவசரப்பட்டுப் பதிவு செய்யாதீர்கள். ஒரு வருஷம் பொறுத்து, ஏதாவது ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் அசோசியேட்டாகச் சேர்ந்து, சம்பளமும் வாங்கிக்கொண்டு திரும்பத் தேர்வு எழுதலாம். அந்த ஒரு வருஷம் வீண் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அரசு ஃபெலோஷிப் என்றால் முதல் தேதி டாண் என்று வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். சில சமயம் மாதக் கணக்கில் இழுக்கும். பிறகு மொத்தமாக வரும். நான்கைந்து மாதச் சாப்பாட்டுச் செலவுக்குக் கையில் ஏதாவது இருக்கட்டும்.

சரி, வெளிநாடு. அந்த அப்பாவின் கடிதத்தில் அது இல்லை. மகள் மனதில் இருக்கலாம்.

இங்கேதான் பத்திரங்கள் பேங்குக்குப் போகின்றன. அமெரிக்காவில் எம்.எஸ். என்பது பெரும்பாலும் நாம் காசு கட்டிப் படிக்கும் படிப்பு. பி.எச்டி. பெரும்பாலும் அவர்கள் காசு கொடுக்கும் படிப்பு. இந்த ஒரு வரி தெரியாமல் வீட்டை அடமானம் வைத்தவர்கள் எத்தனையோ பேர். கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பார்கள், எம்.எஸ்.ஸுக்கு ஏழரை லட்சம் எந்த மூலைக்கு? எம்.எஸ். போகவே கூடாது என்று சொல்லவில்லை. வேலைக்காகப் போகிறவர்கள் கணக்குப் போட்டுப் போகட்டும். ஆராய்ச்சிதான் ஆசை என்றால், எம்.எஸ்சி. முடித்த உங்கள் மகள் நேராக பி.எச்டி.க்கே விண்ணப்பிக்கலாம். அங்கே போய் இன்னொரு எம்.எஸ். படித்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஊரில் உள்ள கன்சல்டன்சியில் இதைச் சொல்ல மாட்டார்களா? சிலர் சொல்வார்கள். ஆனால் "எங்க சர்வீஸ் ஃப்ரீ" என்று போர்டு வைத்திருப்பவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். ஃபீஸ் கட்டும் மாணவரைச் சேர்த்துவிட்டால் ஏஜென்டுக்குக் கமிஷன் தரும் பல்கலைக்கழகங்கள் நிறைய. சம்பளம் வாங்கப் போகும் மாணவியால் அவருக்கு என்ன லாபம்?

அங்கே பணம் மூன்று பெயரில் வரும். டீச்சிங் அசிஸ்டென்ட்ஷிப் என்றால், இளங்கலை மாணவர்களுக்கு ஆய்வகம் நடத்துவது, பேப்பர் திருத்துவது. கல்லூரி நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது எஃப்-1 விசா விதி. ரிசர்ச் அசிஸ்டென்ட்ஷிப் என்றால், ஒரு பேராசிரியர் தன் ஆராய்ச்சி நிதியிலிருந்து கொடுப்பது. அவர் ப்ராஜெக்டில் வேலை. பெரும்பாலும் அதுவே உங்கள் ஆய்வேடாகவும் ஆகும். அவர் நிதி தீர்ந்தால் கதை மாறும் என்பதும் உண்மை. ஃபெலோஷிப் என்றால் பாடம் எடுக்கும் கடமை எதுவும் இல்லாத பணம். மூன்றிலும் வழக்கமாக டியூஷன் ஃபீஸ் தள்ளுபடியும் சேர்ந்து வரும். பெரிய ஃபெலோஷிப் பெயர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை தரும் புகழ்பெற்ற ஃபெலோஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டும்தான்.

ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் பக்கம் போனால் பி.எச்டி. மாணவி என்பவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியரே. வேலை விளம்பரம் மாதிரி காலியிடம் அறிவிப்பார்கள், ஒப்பந்தம் போடுவார்கள். ஜெர்மனியில் '65 சதவீதப் பணியிடம்' என்று போட்டிருந்தால் சம்பளம்தான் 65 சதவீதம். வேலை முழுசாகத்தான் இருக்கும்!

இனி, நான் முப்பது வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த விஷயத்துக்கு வருகிறேன். ரெக்கமண்டேஷன் லெட்டர்.

வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு வழக்கமாக மூன்று கடிதங்கள் கேட்பார்கள். மதிப்பெண்ணுக்கு அடுத்து, சில இடங்களில் மதிப்பெண்ணுக்கும் மேலே, அவற்றைத்தான் பார்க்கிறார்கள். நம் கல்லூரிகளில் நடப்பது என்ன? மாணவி தயங்கித் தயங்கி ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்பாள். "நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்பார் பேராசிரியர். அவர் கெட்டவர் இல்லை. அறுபது பேர் கொண்ட வகுப்பு, நான்கு செட் பேப்பர் திருத்த வேண்டும். மாணவி நெட்டில் தேடி ஒரு மாதிரிக் கடிதத்தை எடுப்பாள். கடின உழைப்பாளி, ஒழுக்கமானவள், நேரம் தவறாதவள். மூன்று பேராசிரியர்களுக்கும் அதையே கொஞ்சம் மாற்றிப் போடுவாள். அந்தப் பக்கம் படிப்பவருக்கு மூன்று கடிதமும் ஒரே கை எழுதியது என்று மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும். தெரிந்தபின் அந்த விண்ணப்பத்தின் மற்றப் பக்கங்களையும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார்.

ராமானுஜனை எடுத்துக் கொள்ளுங்கள். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. கையில் பட்டம் இல்லை, எஃப்.ஏ. தேறவில்லை. மறு வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. பட்டமில்லாதவருக்கு எப்படிக் கொடுத்தார்கள்? ஹார்டியின் பதில் வந்திருந்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். பையன் நல்லவன், நேரத்துக்கு ஆபீஸ் வருகிறான் என்பதற்காக வந்த கடிதம் இல்லை அது. வேலையைக் கண்ணால் பார்த்தவர் எழுதியது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி, "பெரிய பதவியில் இருக்கும் யாரைத் தெரியும்?" என்பது அல்ல. "என் வேலையை யார் பார்த்திருக்கிறார்கள்?" என்பதுதான். முதல்வர், துணைவேந்தர், மாமாவுக்குத் தெரிந்த விஞ்ஞானி எல்லாம் வேண்டாம். உங்கள் ப்ராஜெக்டில் கருவி பழுதானபோது மூன்று நாள் உட்கார்ந்து நீங்கள் சரி செய்ததைப் பார்த்த இளம் உதவிப் பேராசிரியர் எழுதும் அரைப் பக்கம் அதைவிட எடை.

"அப்படி யாரும் என் வேலையைப் பார்க்கவில்லையே" என்றால், பார்க்க வைக்க வழி இருக்கிறது. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து வருஷா வருஷம் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப் கொடுக்கின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை, உதவித்தொகையும் உண்டு. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையம், மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம், நம் சென்னை ஐ.ஐ.டி. எல்லாம் தனித்தனியே கோடைத் திட்டம் நடத்துகின்றன. நம் மாவட்டக் கல்லூரிகளின் நோட்டீஸ் போர்டில் இவை வருவதே இல்லை. முந்தின வருஷக் குளிர்காலத்துக்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடுவதும் உண்டு. ஒரு வருஷம் ப்ராஜெக்ட் அசோசியேட் வேலை வீண் இல்லை என்று மேலே சொன்னதும் இதற்காகத்தான். உங்கள் வேலையைத் தினமும் பார்க்கும் ஒரு ஆள் கிடைப்பார்.

கேட்கும்போது, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது கேளுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரே ஒரு பக்கத்தில், அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், என்ன ப்ராஜெக்ட், அதில் எது சொதப்பியது, எப்படிச் சரி செய்தீர்கள், எங்கெங்கே எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பாவம், அவருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்காது. கடிதத்தை அவர் எழுதட்டும்; தகவலை நீங்கள் கொடுங்கள். அதற்கும் "நீயே எழுதிக் கொண்டா" என்றால், மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். இன்னொன்று: லிங்க் அவருடைய மெயிலுக்குத்தான் வரும். கல்லூரி மெயில் முகவரி இருந்தால் அதைக் கொடுங்கள். ஸ்பாம் பெட்டியைப் பார்க்கச் சொல்லி ஒரு போன் போடுங்கள். நல்ல கடிதம் எழுதி வைத்திருந்தும், லிங்க் கண்ணில் படாமல் தேதி தாண்டிப் போன கதைகள் ஸ்டாஃப் ரூமில் ஏராளம்.

பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்புவது பற்றியும் கேட்கிறார்கள். 'ரெஸ்பெக்டெட் சார்' என்று நூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால், நூறு பேரும் அழித்துவிடுவார்கள். அந்த 'சார்' பலமுறை மேடமாக இருப்பார் என்பது வேறு விஷயம். ஒருவருடைய ஒரு ஆய்வுக் கட்டுரையையாவது படித்து, அதில் தோன்றிய ஒரு சந்தேகத்தோடு ஐந்தாறு வரி எழுதுங்கள். அதுவே நோக்க அறிக்கைக்கும் பொருந்தும். சின்ன வயதில் மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்த்தேன் என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் பார்த்தோம். செய்த ப்ராஜெக்டில் என்ன கேள்வி மிச்சம் இருக்கிறது என்று எழுதுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே பெரும்பாலும் 75 டாலருக்கு மேல். எட்டு இடம் என்றால் அரை லட்சத்தைத் தாண்டும். கட்டண விலக்கு உண்டா என்று துறைக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். சில இடங்களில் தருகிறார்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஜி.ஆர்.இ.யைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் எழுதுங்கள். பெரும்பாலான கடைசித் தேதிகள் டிசம்பரில் வரும். ஆகவே ஆகஸ்டில் உட்கார வேண்டும்.

ஆஃபர் வந்தால் குதிக்கும் முன் கடிதத்தை முழுக்கப் படியுங்கள். உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? கோடையில் யார் கொடுப்பார்? டியூஷன் தள்ளுபடி முழுசாகவா? மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு? எத்தனை வருஷத்துக்கு உறுதி? இதையெல்லாம் மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அங்குள்ள மாணவர்களிடம் அந்தப் பேராசிரியர் எப்படிப்பட்டவர் என்று விசாரியுங்கள். பெண் கொடுக்கும் முன் விசாரிக்கிறோமே, ஐந்து வருஷ சமாச்சாரம் இதுவும். "நாளைக்குள் பதில் சொல்" என்று அவசரப்படுத்தினால் பயப்பட வேண்டாம். உதவித்தொகையோடு வரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி கட்டாயப்படுத்துவதில்லை என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் கையெழுத்திட்ட உடன்பாடு இருக்கிறது.

ஆனால் ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைக்காதீர்கள். 2025-ல் அங்கே அரசு ஆராய்ச்சி நிதியில் கை வைத்ததும், பல பல்கலைக்கழகங்கள் பி.எச்டி. இடங்களைக் குறைத்தன. கொடுத்த ஆஃபரையே திரும்பப் பெற்ற இடமும் உண்டு. அதனால் இங்கே நெட், கேட், ஜெஸ்ட் எழுதுவதை நிறுத்தக் கூடாது.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. "அஞ்சு வருஷம் போனா வயசு என்னாகும், யார் கட்டிக்குவா?" என்ற கேள்வியைக் கடிதத்தில் எழுத மாட்டீர்கள். போனில் கேட்பீர்கள். சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த ஜானகி அம்மாள், கல்யாணப் பேச்சை ஒதுக்கிவிட்டு, ஆசியப் பெண்களுக்கென்று மிச்சிகன் பல்கலைக்கழகம் கொடுத்த பார்பர் ஸ்காலர்ஷிப்பில் 1920-களில் கப்பலேறினார். 1931-ல் டாக்டர் பட்டம். பிறகு கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் செய்த வேலை உலகம் அறிந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டில் கேட்ட கேள்வியைத்தான் நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 37,000 ரூபாய் சம்பாதிக்கும் பெண்ணுக்கு வரன் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லையே. பார்த்துக்கொண்டே இருங்கள், அவள் படித்துக்கொண்டே இருக்கட்டும்.

கடைசியாக, முழு உதவித்தொகையோடு வெளிநாடு போனாலும் முதல் செலவு நம்முடையதுதான். விமான டிக்கெட், அமெரிக்கா என்றால் செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர், வீட்டு அட்வான்ஸ், முதல் மாத வாடகை, குளிருக்குத் துணி. ஆகஸ்டில் போனால் முதல் ஸ்டைபண்ட் செப்டம்பரில்தான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை, மூன்று லட்சம் புரட்ட வேண்டியிருக்கும். கூட்டுறவு வங்கியில் ஒரு நகைக்கடன் போட்டால் சமாளிக்கலாம். எந்தச் செயின், எந்த வளையல் என்பதை மட்டும் மகளிடம் சொல்லி வையுங்கள். மீட்டுத் தர வேண்டியவள் அவள்தானே.